மாசாணியம்மாள் கேட்ட கேள்விகள்

நல்லூத்துப்பதியில் மாசாணியம்மாளுக்கு வாய்க்காரி என்று பேர். அவள் யாரையும் வைது நான் கேட்டதில்லை. கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டுவிடுவாள், அவ்வளவுதான். இருக்கிறவன் கேட்டால் நியாயம் கேட்கிறான் என்பார்கள். கூலிக்காரி கேட்டால் வாய் என்பார்கள்.

நான் அந்த ஊருக்கு நர்சாகப் போனது 1992இல். ஆனைமலைக்கு ஆறு மைல் இந்தப் பக்கம், தென்னையும் கடலைக்காயுமாக இருந்த ஊர். என் பேர் கோமளா, சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம். காலையில் ஊருக்குள் தடுப்பூசி போட்டுவிட்டு, வெயில் ஏறிய பிறகு காலனிக்குப் போவேன். எனக்கு முன்னால் இருந்த நர்சும் அப்படித்தான் போனாளாம். நானும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. மூன்றாவது வாரம் மாசாணியம்மாள் களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அப்போது அவளுக்கு நாற்பது வயது இருக்கும்.

“ஏனுங்க சிஸ்டர், எங்க புள்ளைகளுக்கு மட்டும் வெயில் ஒறைக்காதுங்களா?”

அடுத்த வாரத்திலிருந்து காலனிக்கு முதலில் போனேன். கோபம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சரியாகக் கேட்கிறவர்கள் மேல் எனக்கு முதலில் கோபம்தான் வரும். பிறகுதான் வெட்கம் வரும்.

அவள் புருஷன் ஐயாசாமி, சீனிவாசலு தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிற ஆள். இருபது வருஷமாக அதே தோட்டம், அதே வாய்க்கால். அதிகம் பேசாத மனிதர். தம்பிக்காரன் ஒருத்தன் சாராயத்தில் செத்ததிலிருந்து அவர் கள்ளைக்கூடத் தொட்டதில்லை. விருந்தில் மற்ற ஆம்பளைகள் மறைவாகப் போய்விட்டு வர, இவர் மட்டும் கலர் சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். “என்ற ஊட்டுக்காரருக்குக் கலர் குடிச்சாலே தலைக்கு ஏறிக்குமுங்க” என்று மாசாணியம்மாள் கேலி செய்வாள். ஒரே மகள் அன்புக்கரசி சோமனூரில் அத்தை வீட்டில் தங்கி, விசைத்தறிக்கு ஊடை நூலைத் தாரில் சுற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

சீனிவாசலுவையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு ஏக்கர்காரர். வீட்டில் தெலுங்கு, வாசலுக்கு வெளியே தமிழ். என் வீடும் தெலுங்கு பேசுகிற வீடுதான். அதனாலேயே தன் வீட்டை ஒட்டி இருந்த இரண்டு அறைகளை எனக்கு வாடகைக்கு விட்டார். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் மனைவி ராமாமணி வெள்ளிக்கிழமை தவறாமல் எனக்குப் பாயசம் கொண்டுவந்து தருவாள். இதையெல்லாம் சும்மா சொல்லவில்லை. பின்னால் என் வாய் அடைத்துப்போனதற்கு இவையெல்லாம்தான் காரணம். பாயசமும்தான்.

1994 பங்குனியில் ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் ஆள் வந்து என்னைக் கூப்பிட்டது. சீனிவாசலு தோட்டத்துக்குக் கீழே வாய்க்காலோரம் ஐயாசாமி கிடந்தார். உயிர் போய் இரண்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். சட்டை நனைந்து பிராந்தி வாசம் தூக்கியது. பக்கத்தில் ஒரு காலி பாட்டில்.

“குடிச்சுப்போட்டு வந்து வாய்க்கால்ல உழுந்துட்டானாட்ட இருக்குது” என்று சீனிவாசலு கூடியிருந்தவர்களிடம் சொன்னார். என் பக்கம் திரும்பித் தெலுங்கில், “நீ பார்த்துச் சொல்லம்மா” என்றார்.

நான் பார்த்தேன். வலது காலில், கணுக்காலுக்கு நாலு விரல் மேலே, எட்டணாக் காசு அகலத்தில் ஒரு காயம். நடுவில் குழிந்து கருகியிருந்தது, ஓரம் வெளுத்திருந்தது. கோபி ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு இருந்தபோது அப்படி இரண்டு உடம்புகளைப் பார்த்திருக்கிறேன். கரண்ட் அடித்த காயத்தை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். குனிந்து வாயையும் முகர்ந்தேன். வாயில் வாசமே இல்லை. எல்லாம் சட்டையில்தான்.

“கல்லு கிழிச்சதுங்களா சிஸ்டர்?” என்று யாரோ அந்தக் காலைக் காட்டிக் கேட்டார்கள்.

சீனிவாசலு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “இருக்கும்” என்றேன்.

ஒரே ஒரு சொல். போலீசுக்குப் போனால் அறுத்துத்தான் தருவார்கள் என்று அவர் சொன்னதும், அதைக் கேட்டுக் காலனிக்காரர்கள் கலங்கியதும், மத்தியானத்துக்குள் புதைத்ததும் எல்லாம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நடந்தவை. அன்புக்கரசி சோமனூரிலிருந்து மூன்று பஸ் மாறி வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அவளுக்கு மண்மேட்டைத்தான் காட்டினார்கள்.

செத்தவருக்காக அழுவதற்கு மாசாணியம்மாளுக்கு நேரம் கிடைக்கவில்லை. சண்டை போடவே நேரம் சரியாக இருந்தது. ஐயாசாமி கமுக்கமாகக் குடிக்கிற ஆள் என்று மூன்றாம் நாளே பேச்சு கிளம்பிவிட்டது. ஊமைக் கோட்டான் என்றார்கள். அன்புக்கரசியைப் பேசி வைத்திருந்த கிணத்துக்கடவு மாப்பிள்ளை வீட்டார், குடிகாரன் மகள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த மாப்பிள்ளையே மாலை வெயில் இறங்கினால் நேராக நடக்க மாட்டான் என்பது வேறு விஷயம். “அவரு குடிக்கமாட்டாருங்க” என்று மாசாணியம்மாள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். பார்க்கிறவர்கள் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்கள்.

பத்தாம் நாள் என்னிடம் வந்தாள். ஊசி போட வந்த கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றாள்.

“நீங்கதான பக்கத்துல குனிஞ்சு பாத்தீங்க. சாராய வாசம் அவரு வாயில அடிச்சுதுங்களா, சட்டையில அடிச்சுதுங்களா?”

எவ்வளவு சரியான கேள்வி. இன்ஸ்பெக்டர்கூட இப்படிக் கேட்டிருக்க மாட்டார். நான் பஞ்சை மடித்து டப்பாவில் வைத்தேன்.

“கவனிக்கலை மாசாணியம்மா.”

“செரிங்க” என்று போய்விட்டாள்.

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. களவு கொடுத்தவர்கள், ஏமாந்தவர்கள், தீங்கு செய்தது யாரென்றே தெரியாதவர்கள் அங்கே போய் மிளகாய் அரைத்து, நீதிக்கல்லில் பூசிவிட்டு வருவார்கள். பூசிய மிளகாயின் எரிச்சல் செய்தவன் உடம்பில் ஏறும், தொண்ணூறு நாளுக்குள் அவனே வெளியே வருவான் என்பது நம்பிக்கை. போலீஸ் ஸ்டேஷன் படியேறப் பயப்படுகிறவர்களுக்கு அதுதான் ஸ்டேஷன். மாசாணியம்மாளுக்கு அந்த ஆத்தாள் பேரையே வைத்திருந்தார்கள். சித்திரை அமாவாசைக்குப் போவது என்று முடிவு செய்தாள்.

ராமாமணி தானும் வருவதாகச் சொன்னாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, இதை நான் சத்தியம் செய்து சொல்வேன். இருபது வருஷம் தன் தோட்டத்தில் உழைத்தவன் பேர் இப்படிக் கெட்டுப்போனதே என்ற வருத்தம்தான். “தனியா என்னத்துக்குப் போற மாசாணி, நானும் வாரேன்” என்றாள். என்னையும் கூப்பிட்டாள். மறுக்க ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

கோயிலில் கூட்டம். மாசாணியம்மாள் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து மிளகாயை வைத்து அரைக்க ஆரம்பித்தாள். கடலைக்காய் பறித்துப் பறித்து அவள் உள்ளங்கை பாளம் பாளமாக வெடித்திருந்தது. வெடிப்பில் மிளகாய் இறங்கியதும் குழவி நழுவியது. மறுபடியும் எடுத்தாள், மறுபடியும் நழுவியது. ராமாமணி வளையல்களை முழங்கைக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இங்கிட்டுக் குடு. நான் அரைக்கறேன்.”

“வேண்டாமுங்கம்மா, உங்க கை எரியும்.”

“எரியட்டும். அந்தாளு சோறு தண்ணி பாக்காம எங்க காட்டுல கெடந்தவரு. இதுகூடச் செய்யாட்டி எப்படி?” என்றாள் ராமாமணி. “எவன் பண்ணியிருந்தாலும் அவன் வகுறு எரியோணும் ஆத்தா” என்று சொல்லிச் சொல்லி அரைத்தாள்.

நான் இரண்டு அடி தள்ளி நின்றேன். அந்தக் காயம் கரண்ட் அடித்தது என்று எனக்குத் தெரியும். வாய்க்காலுக்கு மேலே இருப்பது யார் காடு என்றும் தெரியும். ராமாமணியின் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். என் கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய்க் காரம் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் ராமாமணி நடந்ததைப் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். அன்று ராத்திரியிலிருந்து சீனிவாசலுவுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை கேட்டு என்னிடம் வந்தார். கொடுத்தேன். போகும்போது வாசற்படியில் நின்று, “நீ அன்றைக்கே பார்த்துவிட்டாய் அல்லவா? நல்ல பெண் நீ” என்று மெதுவாகத் தெலுங்கில் சொன்னார். என்னை எத்தனையோ பேர் எத்தனையோ வைதிருக்கிறார்கள். அந்த ‘நல்ல பெண்’ அளவுக்கு எதுவும் உறைத்ததில்லை.

ஐம்பது நாளில் அவர் உடம்பு பாதியாகிவிட்டது. ஆத்தாள்தான் வாட்டினாள் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்து, மிளகாய் அரைத்த கையாலேயே தினமும் சோறு போட்டாள் அவர் மனைவி. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் சாப்பிட முடியும்? ஒரு சாயங்காலம் அவளிடம் கம்பி கட்டியதைச் சொல்லிவிட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு ராமாமணியின் குரல் மட்டும் கேட்டது. என் கையாலேயே அரைக்க வைத்தீர்களே, என் கையாலேயே, என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. மூன்றாம் நாள், போய் அவளிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்று சொல்லிவிட்டாள்.

மாசாணியம்மாளைத் தோட்டத்து மாட்டுச்சாளைக்குப் பின்னால் வரச் சொன்னார்கள். கூட இருக்கும்படி ராமாமணி என்னைக் கேட்டுக்கொண்டாள். சீனிவாசலு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கடலைக்காய்க் காட்டில் பன்றி இறங்குகிறது என்று முதல் நாள் பொழுதோடு அவரே கம்பி கட்டி, மோட்டார் ரூம் லைட் லைனிலிருந்து கரண்ட் கொடுத்திருக்கிறார். அந்த வாரம்தான் மோட்டாருக்கு வருகிற மூன்று பேஸ் கரண்ட் பகல் முறையிலிருந்து விடிகாலை முறைக்கு மாறியிருந்தது. கரண்ட் வந்தால் ஐயாசாமி தண்ணீர் கட்ட வந்துவிடுவார் என்பதை மறந்துவிட்டார். வந்தவர் காலில் கம்பி பட்டது. பயத்தில் உடம்பை வாய்க்காலோரம் இழுத்துப் போட்டு, வீட்டிலிருந்த பிராந்தியைச் சட்டையில் ஊற்றியிருக்கிறார்.

மாசாணியம்மாள் அசையாமல் கேட்டாள். “இத இப்ப என்னத்துக்குச் சொல்றீங்க? ஆத்தாளுக்குப் பயந்துங்களா?” என்றாள்.

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“பயந்து சொல்றதுன்னா ஆத்தாகிட்டயே போய்ச் சொல்லிக்குங்க. எனக்கு வேண்டியதில்லீங்க.”

“உனக்கு என்ன வேணுமோ சொல்லு மாசாணி, செஞ்சு தர்றேன். புள்ள கல்யாணத்த நானே—”

“என்ற ஊட்டுக்காரரு குடிகாரன்னு ஊரே சொல்லுது” என்று அவள் இடையில் புகுந்தாள். அப்போதுதான் குரல் உடைந்தது. “மாட்டுச்சாளைக்குப் பொறத்தாண்ட எங்கிட்ட மட்டும் சொன்னா அவரு பேரு திரும்பி வந்துருமுங்களா? எங்க ஊட்டு வாசல்ல வந்து சொல்லுங்க. எல்லாரும் இருக்கையில சொல்லுங்க. பொறவு ஸ்டேசன்லயும் சொல்லுங்க.”

அந்த ஊர்த் தோட்டக்காரர்கள் ஆள் கூப்பிடக் காலனி முனைவரைக்கும் போவார்கள், அங்கேயே நின்று குரல் கொடுப்பார்கள். உள்ளே போக மாட்டார்கள். அவர் வரமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். ராமாமணி கூட வந்தாள், நானும் போனேன். செருப்பைக் காலனி முனையிலேயே கழற்றிவிட்டு நடந்தார். கோயிலுக்குள் நுழைகிற மாதிரியா, சாவு வீட்டுக்குப் போகிற மாதிரியா என்று எனக்குத் தெரியவில்லை.

நாற்பது ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். யாரோ பழக்கத்தில் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். “வேண்டாம். நின்னே சொல்லட்டும்” என்றாள் மாசாணியம்மாள். மகளை அவள் வரச் சொல்லியிருக்கவில்லை. என்ன வருமோ, முதலில் தான் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள்.

மாட்டுச்சாளையில் சொன்னதையே சீனிவாசலு சொன்னார். கம்பி, கரண்ட், பிராந்தி, எல்லாவற்றையும். “ஐயாசாமி குடிக்கல. அவன் ஒரு நாளும் குடிச்சு நான் பாத்ததில்ல. அந்தப் பேர நாந்தான் உண்டாக்குனேன்” என்றார். கூட்டத்தில் ஒரு கிழவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கம்பியில் பட்டதும் ஐயாசாமி போய்விட்டார் என்று முடித்து, கையைக் கூப்பினார்.

அத்தோடு முடிந்தது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

“ஒடனேவாங்க போயிட்டாரு?” என்றாள் மாசாணியம்மாள்.

கூப்பிய கை அப்படியே நின்றது. ஆமாம் என்று சொன்னால் தீர்ந்தது. அங்கே அவரைத் தவிர வேறு சாட்சி இல்லை. போலீசுக்கும் தெரியப்போவதில்லை, மனைவிக்குக்கூட அவர் சொல்லியிருக்கவில்லை. ராமாமணி அவர் முகத்தையே பார்த்தாள்.

“இல்ல” என்றார். “சத்தம் கேட்டு ஓடிப்போய் கரண்ட நிறுத்துனேன். மூச்சு இருந்துச்சு. கண்ணு முழிச்சு என்னையப் பாத்தான். பாத்தாரு. தண்ணின்னாரு.”

“குடுத்தீங்களா?”

“குடுக்கலீங்க.”

அந்த ஊரில் ஒரு தோட்டக்காரர் காலனிப் பெண்ணிடம் ‘ங்க’ போட்டு நான் கேட்டது அன்றுதான்.

மாசாணியம்மாள் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு அவள் கேட்டது எனக்கு இன்றைக்கும் விளங்காத ஒன்று. அவருக்கு ஒரு வழி விட்டாள். “கரண்ட் அடிச்சவிகளுக்குத் தண்ணி குடுக்கக்கூடாதும்பாங்க. அதனால குடுக்கலீங்களா?” என்றாள். குரலில் பொறி வைக்கிற தந்திரம் எதுவும் இல்லை. அப்படி இருந்திருக்கக் கூடாதா என்று அவளே ஆசைப்பட்டுக் கேட்ட மாதிரி இருந்தது.

“அதெல்லாம் எனக்கு நெனப்புலயே இல்லீங்க” என்றார் சீனிவாசலு. “ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா கம்பி வெச்சது தெரிஞ்சுபோகும், கேசாகிப்போகும்னு நின்னுட்டிருந்தேன். வண்டி மோட்டார் ரூம் கிட்டத்தான் நின்னுச்சு. வாய்க்கால்ல தண்ணியும் ஓடிட்டுத்தான் இருந்துச்சு. கால் மணி நேரம் இருக்கும். அவரு பாத்துட்டே இருந்தாரு, நான் நின்னுட்டே இருந்தேன். பொறவு மூச்சு நின்னுபோச்சு.”

ராமாமணி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஐயாசாமியின் பங்காளி தம்பிதுரை, இருபத்தைந்து வயசுப் பையன், கல்லை எடுத்துக்கொண்டு பாய்ந்தான். மாசாணியம்மாள் குறுக்கே போய் அவன் கையைப் பிடித்தாள்.

“உடு தம்பி. வாயத் தொறந்து சொன்னவிகள அடிச்சமுன்னா இனி ஆரும் சொல்ல மாட்டாங்க.”

அவன் கல்லைப் போட்டுவிட்டு அழுதான். அவளும் அப்போதுதான் அழுதாள். வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, குடும்பமே செத்த மாதிரி அழுதாள். மூன்று மாதமாக வைத்திருந்த அழுகை. சீனிவாசலு கூப்பிய கையோடு அது முடியும்வரை நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. யாரும் அவரைப் போகச் சொல்லவுமில்லை, உட்காரச் சொல்லவுமில்லை.

மறுநாள் அவரே ஸ்டேஷனுக்குப் போனார். அங்கேயும் தண்ணீரை விடாமல் சொன்னார். அதைச் சொல்லத் தேவையே இல்லையே என்று அவருக்கு வந்த வக்கீல் தலையில் அடித்துக்கொண்டாராம். கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, கோயமுத்தூர் ஜெயிலில் ஒன்றரை வருஷம் இருந்தார். நீதி கிடைத்தால் ஆத்தாளுக்கு எண்ணெய்க் காப்பு செய்து எரிச்சலைத் தணிக்க வேண்டும் என்பது முறை. மாசாணியம்மாளும் ராமாமணியும் ஒரே பஸ்ஸில் போய்ச் செய்துவிட்டு வந்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

மாசாணியம்மாள் அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்து வேலைக்குப் போகவில்லை. ஜெயிலிலிருந்து வந்த பிறகு சீனிவாசலு ஒவ்வொரு பங்குனியிலும் ஐயாசாமி இறந்த நாளன்று காலனிக்குள் வந்து அவள் வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். இரண்டாம் வருஷம் அவளே நாற்காலி எடுத்துப் போட்டாள். அவரை மன்னித்துவிட்டாயா என்று எத்தனையோ பேர் அவளிடம் கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு எரிச்சல்தான் வரும். “அதென்ன பரிச்சைங்களா, பாசா பெயிலான்னு கேக்கறீங்க?” என்பாள். கிணத்துக்கடவு மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை பாக்கோடு திரும்பி வந்தபோது அன்புக்கரசி வாசலிலேயே வைத்துத் திருப்பி அனுப்பினாள். அதில் மட்டும் தாய்க்குக் கொஞ்சம் பெருமை.

ஒன்றை விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை, எழுதாமல் தப்பித்துவிடலாமா என்று பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சீனிவாசலு போவதற்கு முன்னால், மாசாணியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து, “வேற ஆராச்சுக்கும் சொல்றதுக்கு இருக்குதுங்களா?” என்று கேட்டாள். குறிப்பாக யாரையும் பார்க்கவில்லை. சந்தேகப்பட்டும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் இன்றே கேட்டுவிடலாம் என்று கேட்டாள், அவ்வளவுதான். நான் ராமாமணிக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்திருந்தேன். அப்படியே இருந்திருக்கலாம், சீனிவாசலுவைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனால் சற்று முன்னால் அதே வாய்ப்பை ஒரு மனிதர் என் கண் முன்னால் வேண்டாம் என்றிருந்தார். நான் எழுந்தேன்.

வலது காலில் கரண்ட் காயம் பார்த்தேன், கல் கிழித்தது என்றேன். வாசம் சட்டையில்தான் இருந்தது, வாயில் இல்லை. எல்லாம் தெரிந்து சொல்லாமல் இருந்தேன். இவ்வளவுதான் சொன்னேன். ராமாமணி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்ததை நான் எப்படிச் சொல்வேன்? மிளகாய் அரைக்கும்போது இவள் பக்கத்தில் நின்றாளே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்கும்.

மாசாணியம்மாள் சீனிவாசலுவைப் பார்த்ததைவிட அதிக நேரம் என்னைப் பார்த்தாள்.

“நான் உங்களக் கேட்டனுங்களே, சிஸ்டர்” என்றாள்.

வைதிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு, “வெள்ளிக்கிழமை எம்புள்ள வருது. அவரு நாளைக்கு ஸ்டேசனுக்குப் போயிருவாரு. அவளுக்கு ஆரு சொல்லுவாங்க? நீங்க வந்து சொல்லுங்க. ஒண்ணும் கொறைக்காதீங்க. தண்ணி கேட்டதையும் சொல்லுங்க” என்றாள்.

வெள்ளிக்கிழமை போனேன். அன்புக்கரசி பாயில் உட்கார்ந்திருந்தாள். இருபது வயசு. தலைமுடியில் பஞ்சுத் தூசி இன்னும் ஒட்டியிருந்தது, பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தாள். மாசாணியம்மாள் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். நான் எதிரே உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். கம்பியை, பிராந்தியை, தண்ணீரை, நான் சொன்ன “இருக்கும்” என்ற சொல்லை. நான் முடித்த பிறகு அன்புக்கரசி எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எந்தக் காலுங்க?” என்றாள்.

“வலது கால்.”

“எங்கீங்க?”

என் சேலையைச் சற்றுத் தூக்கி, கணுக்காலுக்கு நாலு விரல் மேலே என் காலில் தொட்டுக் காட்டினேன். “நான் வாரதுக்குள்ள மூடிப்போட்டாங்க” என்று அவள் மெதுவாகச் சொன்னாள். நகர்ந்து வந்து நான் காட்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். நூல் இழுத்து இழுத்துக் காய்ப்பேறிய கை. அவள் எடுக்கும்வரை நான் காலை அசைக்கவில்லை.